விட்டுப்போன ஒரு கிழமை

மருத்துவமனையில் என் வேலை கதிர்வீச்சு அடித்த பிறகு புற்றுநோய்க் கலங்களில், அதாவது செல்களில், எத்தனை உயிரோடு மிஞ்சும் என்று கணக்குப் போடுவது. அந்தக் கணக்கில் நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள். அதை மறைப்பதுமில்லை.

நீர்வேலிக் கிராமத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் தொண்டைப் புற்றுக்குத் தினமும் வந்துகொண்டிருந்தார். ஐந்தாவது கிழமை அவருடைய கழுத்துக் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. நல்லூர்க் கோயிலில் திருவிழாக்காலம் வேறு. சுகம் வந்தால் அங்கப்பிரதட்டை செய்வதாக நேர்த்தி வைத்து வேண்டியிருந்தார். சுகம் வந்துவிட்டதென்று அவராகவே முடிவுகட்டி, ஒரு கிழமை, வாரம் முழுக்க, எங்களிடம் வராமல் கோயில் வீதியில் உருண்டிருக்கிறார். திங்கட்கிழமை திருநீறும் சிரிப்புமாக வந்து நின்றார்.

“கட்டி கரைஞ்சு போச்சுது பிள்ளை. பேந்தென்ன அவசரம்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஐயா, கோரையைக் கொத்திப்போட்டு ஒரு கிழமை தோட்டப்பக்கம் போகாட்டி?”

“கிழங்கு கிடக்குமெல்லே. மளமளவெண்டு வரும்.”

“உதுவும் அப்பிடித்தான்.”

அவருடைய சிரிப்பு போய்விட்டது. ஒவ்வொரு முறையும் கதிர் ஒரே எண்ணிக்கையைக் கொல்வதில்லை. பாதி என்றால் பாதி, இருப்பதில் ஒரே பங்கைத்தான் கொல்கிறது. கைக்குத் தெரியாத கட்டியிலும் இலட்சக்கணக்கில் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம், இடைவெளி கிடைத்தால், முன்னைவிட வேகமாகப் பெருகும். இதை அவருக்குக் கோடு கீறிக் காட்டினேன்.

பிறகு உட்கார்ந்து அந்தக் கிழமையை மீட்கும் வழியைக் கணக்கிட்டேன். சில நாட்களில் காலையும் பின்னேரமும் இரண்டு தரம் அடிக்க வேண்டும். நல்ல கலங்கள் ஆறிக்கொள்ள நடுவே ஆறு மணித்தியாலம் விட வேண்டும். கழுத்துத் தோல் ஏற்கெனவே வெந்திருக்கிறதே என்று டொக்டர் தயங்கினார். தோல் தாங்கும், இந்தக் கட்டிக்கு இனியும் இடைவெளி கொடுக்கக் கூடாது என்றேன். கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

தோட்டக்காரரும் சொன்ன நேரம் தவறாமல் வந்தார். கடைசி நாள் கேட்டார்:

“இப்ப எத்தினை மிஞ்சியிருக்கும்?”

“கணக்கில ஒண்டுக்கும் குறைவு.”

“ஒண்டுக்குக் குறைய எப்பிடிப் பிள்ளை ஒரு உயிர் இருக்கும்?”

“உங்களைப் போல ஆக்களில கூடப் பேருக்கு ஒண்டும் இராது, சில பேருக்கு இருக்கும் எண்டு அர்த்தம்.”

“நான் எந்தப் பக்கம்?”

“அது எனக்குத் தெரியாது ஐயா.”

“அப்ப உங்கடை கணக்கும் நேர்த்தி வைச்ச மாதிரித்தான்” என்றார்.

சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அவருடைய கை வெந்த கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து டொக்டர் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார். என் கணக்கில் ஒரு வரியிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அன்று கதிரையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அறை வாசலில் போய் நின்றேன்.

தோட்டக்காரர் வெளியே வந்து என்னைக் கண்டார்.

“ஒண்டும் இல்லையாம். நீர் ஏன் பிள்ளை நடுங்கிறீர்?”