இரும்பு படாத பூ

2022ஆம் ஆண்டின் கோடையில்தான் சுஜானி புனிதமலரை முதன்முதலாகச் சந்தித்தாள். சந்தித்தாள் என்பதைவிட, வசமாக ஏச்சு வாங்கினாள் என்பதே பொருந்தும்.

இத்தாலியின் பலேர்மோ நகரில் குடியேறிய ஈழத்தமிழர் கொண்டாடும் மடு மாதா திருநாளுக்கு மாலை கட்டுவது சுஜானியின் பொறுப்பு. நகரின் கடலோரப் பாறை வெடிப்புகளில் ஊதா நிறத்தில் பூத்திருந்த லிமோனியோவை அவள் பறித்துக்கொண்டிருந்தாள். காய்ந்தாலும் நிறம் மங்காத பூ அது. கொடியேற்றம் முதல் திருநாள்வரை தாங்கும். மாதாவுக்குச் சூட்டும் பூவில் இரும்பு படக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். தண்டோ கம்பிபோல் உறுதியானது. கையால் இழுத்தால் செடியே வேரோடு வந்துவிடும்.

"பிள்ளை, பூ ஆயிறியோ, பாறைக்கு மொட்டை அடிக்கிறியோ?"

வீட்டு வேலைக்குப் போகும் வழியில், மேலே தெருவில் நின்றபடி புனிதமலர் கத்தினார்.

"மாதாவுக்குத்தான் அக்கா. இது உங்கட சீதனக் காணியோ?"

"என்ர சீதனமெண்டால் உன்னை இப்பவே கடலுக்கை தள்ளியிருப்பன்!"

மன்னாரிலிருந்து வந்த புனிதமலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் மற்றக் கோபங்கள் பொழுது சாய்வதற்குள் ஆறிவிடும், இது ஆறவில்லை. லிமோனியோக் குலத்தில் இனங்கள் பல. சிசிலியின் ஒவ்வொரு கரைக்கும் ஒவ்வோர் இனம். பலேர்மோக் கரைக்குரிய இந்த இனம் வேறெங்கும் முளைப்பதில்லை என்று, தாம் வேலைக்குப் போன வீட்டில் பராமரித்த இத்தாலிய மூதாட்டியான சிஞ்ஞோரா சொல்லக் கேட்டிருந்தார். ஆண்டுதோறும் பாறை வெறுமையாவதைக் கண்டு கொதித்தார். பங்குத்தந்தையிடம் முறையிட்டார். மாலை கட்டும் பெண்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் ஆண்டுத் திருநாளில், மாதாவின் சுரூபத்தைப் பவனிக்குத் தூக்க ஆட்கள் குனிந்த வேளையில், அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சமையலறைக் கத்தரிக்கோலை மாதாவின் காலடியில் வைத்தார்.

"இனி இதாலை தண்டை மட்டும் வெட்டுங்கோ. வெட்டினதுக்கு மாதா கோவிச்சால் என்னோடை கோவிக்கட்டும். வேரைப் பிடுங்கினதுக்கு ஆரோடை கோவிக்கிறது?"

"கோயிலுக்கை விசர்க்கதை கதையாதையுங்கோ!" என்று சீறினார், திருநாளை முன்னின்று நடத்தும் மூப்பர் லூர்து.

அதன்பின் திருநாள் வேலை எதற்கும் புனிதமலரை எவரும் அழைக்கவில்லை. சுஜானியும் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஆயினும் மறு கோடையில் பாறைக்குச் சென்றவள், அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சியிருந்த செடிகளைக் கண்டு திகைத்தாள். இழுக்கக் கை எழவில்லை. எவரும் பாராத நேரத்தில், கைப்பையிலிருந்த சிறு கத்தரிக்கோலால் தண்டுகளை மட்டும் வெட்டினாள்.

அந்த ஆண்டின் மாரியில், முழங்கால் வலி வேலைக்கு இடங்கொடாமல், புனிதமலர் வட இத்தாலியில் இருக்கும் மகனிடம் புறப்பட்டார். துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்த சுஜானி, செய்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்தாள்.

"ஒளிச்சு வெட்டினனியோ? கள்ளி மாதிரி? அப்ப மாலை கட்டுற மற்றவளவைக்கு எப்பிடித் தெரியும்?" புனிதமலரின் குரல் கேட்டுக் கப்பலேற நின்றவர்கள் திரும்பினார்கள். "வாற ஆவணியிலை எல்லாருக்கும் முன்னாலை வெட்டு. ஆரும் வேரிலை கை வைச்சால், என்னைப்போலக் கத்து. கத்துவியோ?"