ஞாயிற்றுக்கிழமை செத்துப்போகும் புரோகிராம்

போன வாரம் எங்கள் ஆபீஸ் சுவரில் பெரிய டிவி மாட்டினார்கள். அதில் ஒரு பிரவுசர். பிரவுசருக்குள் சர்வர்களின் நாடித்துடிப்பு... கோடு கோடாக, பச்சைப் பச்சையாக. எல்லோரும் கைதட்டினார்கள். என் மனசு மட்டும் குளச்சலுக்குப் போய்விட்டது!

2009. சென்னையில் எனக்கு முதல் வேலை. காலேஜ் நண்பன் சேவியரின் அம்மா மேரி, குமரிக் கடற்கரையில் குளச்சலிலோ முட்டத்திலோ மீன் ஏலம் எடுத்து விற்பவர். எந்தக் கரையில் மீன் அதிகம் என்று தெரியாமல் போனால் அன்றைய வியாபாரம் போச்சு. அதற்காக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கரையில் நிற்கும் பையன்கள் ஏல விலையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவார்கள்; விலை இறங்கிய கரையில் மீன் அதிகம். சேவியர் வீட்டு கம்ப்யூட்டர் அதை ஒரு எஸ்எம்எஸ் கம்பெனி வழியாக மேரியம்மாவுக்கும் அவரோடு போகும் பெண்களுக்கும் அனுப்பும்.

கூடவே ஒரு கிறுக்குத்தனம். புரோகிராமுக்குள்ளேயே குட்டியாக ஒரு வெப் பேஜ் வைத்தேன். சென்னையில் பிரவுசரைத் திறந்தால், குளச்சலில் ஓடுகிற புரோகிராமின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கலாம்! காதலி இல்லாத வயசு... வேறு எதை ரெஃப்ரெஷ் செய்ய?

ஆனால் திங்கட்கிழமை வந்தால் விலைச் செய்தி யாருக்கும் போகாது. சேவியர் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால், மற்ற நாட்களில் ஜோராக ஓடும்.

"மக்ளே, ஒனக்க மிஷினுக்கு திங்கக்கெழம மட்டும் என்ன சீக்கு? மீனு பூரா குளச்சல்ல. நான் முட்டத்துல போயி வெறும் பாத்திரத்தோட நிக்கேன்!" என்றார் மேரியம்மா.

சேவியர் போனைப் பிடுங்கினான். "லேய், இன்னொரு திங்கக்கெழம இப்பிடி ஆச்சுன்னா அம்மா போன அணைச்சுப் போட்டுருவா. மத்தவங்களும் அப்பிடித்தான்."

அடுத்த திங்கள் விடியும்போதே பிரவுசர் முன்னால் உட்கார்ந்தேன். 'ஓடுகிறது' என்றது பேஜ். பச்சை விளக்கு வேறு! கீழே பார்த்தால், போகாத செய்திகள் குவிகின்றன. கடைசியாகச் செய்தி போன நாள் — சனி.

அட... ஞாயிறு! நம் கரையில் ஞாயிற்றுக்கிழமை எவன் கடலுக்குப் போவான்? சர்ச்சில் பூசை, கறிச்சோறு, தூக்கம். ஒரு நாள் முழுக்கப் பேச்சில்லை என்றால் எஸ்எம்எஸ் கம்பெனி சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். அது தெரியாமல் என் புரோகிராம் செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நாஞ்சில் நாட்டுக்காரன் எனக்கே இது தோன்றவில்லையே! சென்னையில் நிமிஷத்துக்கு ஒரு செய்தி அனுப்பித்தான் சோதித்திருந்தேன். அதற்கு ஒரு நாள் லீவு விட்டுப் பார்க்கவே இல்லை. வேலையில் சாகாதது ஓய்வில் சாகும் என்று யாருக்குத் தெரியும்?

பிரவுசரிலிருந்தே ரீஸ்டார்ட் செய்தேன். முட்டம் ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்த மேரியம்மா, விலையைப் பார்த்து இறங்கிவிட்டாராம்.

அப்புறம், இணைப்பு அறுந்துபோகாமல் இருக்க மணிக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று ஒரு செய்தி அனுப்ப புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்தேன். யாருக்கு அனுப்புவது? லிஸ்டில் முதல் நம்பர் மேரியம்மாவுடையது...

ஞாயிறு மதியம் போன். "ஏலே மக்ளே, சாமியார் பிரசங்கம் வைக்காரு, இந்த போனு எனக்க மடியில கெடந்து அலறுது. கோயிலு முழுக்க என்னையே பாக்கு! ஒனக்க மிஷினு உசிரோட இருந்தா இருந்துட்டுப் போட்டும், என்கிட்ட ஏம்ல சொல்லுது?"

மறுநாள் திங்கட்கிழமை, விலை சரியான நேரத்துக்குப் போனது. அதற்கப்புறம் மேரியம்மா போனை அணைத்ததே இல்லை — பூசை நேரம் தவிர!