ஆய்வு நாளில் வந்திறங்கிய பிள்ளைகள்

இப்போது என்னைக் கல்வி ஆலோசகர் என்கிறார்கள். சிறுசேரிப் பக்கம் புதிதாகக் கல்லூரி கட்டுகிறவர்கள் கூப்பிட்டு, ஏசி அறையில் உட்காரவைத்து, முந்திரித் தட்டைத் தள்ளிவிட்டு முதலில் கேட்பது இதுதான்: "மேடம், ஆய்வுக் குழு வர்ற அன்னிக்குப் பிள்ளைங்களை எங்கேர்ந்து எடுக்கலாம்?" பாடம் யார் நடத்துவது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வெட்கம் கெட்டவர்கள்.

இந்த வித்தையை எனக்கு முதலில் காட்டியவர் என் பழைய தாளாளர். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் அவருடைய அறக்கட்டளை நடத்திய சமுதாயக் கல்லூரிக்கு நான் முதல்வர். மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஓராண்டுத் தொழிற்படிப்பு. அங்கீகாரத்தைப் புதுப்பித்தால்தான் அவர்கள் சான்றிதழ் செல்லும். இல்லாவிட்டால் மறைமலைநகர்க் கம்பெனிகள் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

குழு வரும் அன்று தாளாளர் எங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டார். செங்கல்பட்டில் இருந்த தன் பொறியியல் கல்லூரியிலிருந்து பஸ் நிறைய மாணவர்களைக் கொண்டுவந்து இறக்கினார். "உங்க பசங்க வாயைத் திறந்தா மானம் போயிடும். மீன் வாடை வேற" என்றார்.

"அவங்க படிக்கிற காலேஜ்தானே சார் இது?" என்று கத்தினேன்.

"அங்கீகாரம் வேணுமா, வேணாமா?"

பாவி மனுஷன், சரியான இடத்தில் கை வைத்தார்.

காலையில் குழுத் தலைவர் டை கட்டிய ஒரு பெண்ணை எழுப்பிப் பேர் கேட்டார். அவள் எங்கள் மாணவி ஒருத்தியின் பேரையும் குப்பத்தையும் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் பொளந்து கட்டினாள். தலைவர் கைதட்டினார். அப்போது மீன் கூடையோடு வகுப்பு வாசலில் நின்றிருந்தவர் அந்த மாணவியின் அம்மா. குழுவின் சாப்பாட்டுக்கு வஞ்சிரம் கொண்டுவரச் சொன்னதே தாளாளர்தான். அந்த மீன் யார் வீட்டிலிருந்து வரும் என்று அந்த மேதாவிக்குத் தோன்றவேயில்லை.

"எம் பொண்ணு வூட்ல குந்திகினு கீது. இது யாரு, அது பேரச் சொல்லிகினு நிக்கிது?"

தலைவர் என்னைப் பார்த்தார். தாளாளர் கண்ணாலேயே மிரட்டினார்.

"இவங்க அந்தப் பொண்ணோட அம்மா. இங்க நிக்கிற யாரும் எங்க பிள்ளைங்க இல்ல" என்றேன். போச்சு, அத்தனை பிள்ளைகளின் சான்றிதழும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

தலைவர் எழுந்து வந்து கூடையை எட்டிப் பார்த்தார். "நல்ல மீனா இருக்கே, வறுக்கச் சொல்லுங்க" என்றார். மதியம் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு அங்கீகாரத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். தூ!

மறுநாள் காலை அந்த மாணவி என் அறைக்கு வந்தாள். சீருடையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள்.

"மேடம், நேத்து நான் இங்கிலீஷ்ல பிச்சி ஒதறினேனாமே? அம்மா சொல்லிச்சு."

சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"இன்னிக்கு நான் கிளாஸுக்குப் போலாமா மேடம், இல்ல வேற யார்னா வர்றாங்களா?"