சின்னவள் வாங்கித்தந்த மதியச் சாப்பாடு

பெரியவளுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் முப்பத்தோரு வருடம் சலவைக்கூடத்திலேயே போய்விட்டது. ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் மேசை விரிப்புகளையும் கைத்துணிகளையும், இயந்திரத்தில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாக உதறிப் பிரிக்கிற வேலை. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. கறையைப் பார்த்தே காப்பியா சாக்லேட்டா என்று சொல்லிவிடுவாள். சாப்பாடு மட்டும் நின்ற வாக்கில்தான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஐந்தே நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவாள்.

அப்பேர்ப்பட்டவளைப் பயணத்தின் மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தாள் தங்கை. ரொட்டி வந்தது, வெண்ணெய் வந்தது, சூப்பைக் காணோம்.

"என்னடி இது, இனிமேத்தான் அடுப்பே பத்த வைக்கிறாங்களா?"

"மெதுவாத்தான் வரும்க்கா. மூணு மணி நேரம் ஆகும். உனக்கு இன்னிக்கு என்ன வேலை?"

வேலை இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது சின்னவள் ஒரு நாள் தாமதமாக வந்தாள். பயணிகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற பிழைப்பு அவளுக்கு, எங்கேயோ தொலைவில் இருந்தாள். "எல்லாம் முடிஞ்சாச்சு, நீ எதுக்கு வந்தே?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டாள் பெரியவள். நாக்கில் சனி, வேறென்ன? சின்னவள் வந்த காலோடு திரும்பிப் போனாள். அன்றோடு பேச்சு நின்றது. போன மாதம் திடீரென்று போன் செய்து, "வாக்கா, நாலு நாள் எங்கேயாவது போவோம்" என்றாள். இவளைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்ற முடிவோடுதான் பெரியவள் கிளம்பி வந்தாள். இரண்டு நாளாகக் கேட்க வாய் வரவில்லை.

சூப் வந்ததும் கேட்டேவிட்டாள். "அன்னிக்கு நான் பேசினது தப்புடி. வீட்டுக்கு வந்துடேன். மாடி அறை சும்மாத்தான் கெடக்கு."

"பாக்கலாம்க்கா. ஆறிடும், குடி" என்றாள் சின்னவள். தன் சூப்பைக் கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள்.

மீன் வந்தபோது மறுபடி கேட்டாள். அப்போதும் பாக்கலாம்தான். வாத்துக்கறி வந்தபோதும் அதே பாக்கலாம். பெரியவளுக்குச் சுருக்கென்றது. மனசில் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாள், வைத்துக்கொள்ளட்டும், நான் பேசிய பேச்சுக்கு இதுவும் வேண்டும் என்று நினைத்தபடி எதிரே பார்த்தாள்.

சின்னவள் கறியை நறுக்கினாள், வாயில் வைத்தாள், மென்றாள். மடியிலிருந்த வெள்ளைத் துணியால் உதட்டை ஒற்றினாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒற்றினாள். ஒற்றிவிட்டுத் துணியின் மூலைகளை உள்பக்கமாக மடித்தாள். பரிமாறுகிறவரிடம் இன்னொரு துணி கேட்டு வாங்கினாள்.

கசங்கி வரும் துணியைப் பற்றிச் சலவைக்கூடத்தில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பதவிசாக மடித்து வருவதைத்தான் பார்த்துப் பிரிக்க வேண்டும், உள்ளே மென்று துப்பியது இருக்கும். சாப்பாடு பிடிக்காதவர்கள் சுருட்டி எறிந்துவிட்டுப் போவார்கள். விழுங்க முடியாதவர்கள்தான் யாருக்கும் தெரியாமல் மடித்து வைப்பார்கள்.

பெரியவள் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அந்த முதல் துணியைக் கேட்டாள். சின்னவள் எடுத்துக் கொடுத்தாள். பெரியவள் அதைப் பிரிக்கவில்லை. கையில் கனத்தது, அதுவே போதும்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா. தொண்டைக்குக் கீழ கட்டி. தண்ணியா இருந்தாத்தான் இறங்குது. வர்ற வாரம் வயித்துல குழாய் வெக்கணுமாம். அதுக்கு மேல டாக்டரும் ஒண்ணும் சொல்லல."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி என்னை இங்க கூட்டிட்டு வந்தே?"

"நீ உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்லக்கா. எனக்குப் போடுவே, அம்மாவுக்கு ஊட்டுவே, உடனே ஓடிடுவே. ஒரு தடவையாவது பாக்கணும்னு இருந்துச்சு."

ஒன்பது வருடத்தையும் ஒரு வாய்ச்சொல்லால் வாரிக் கொடுத்துவிட்டோமே என்று பெரியவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அதான் பாக்கலாம் பாக்கலாம்னு மழுப்பினியா?"

"இவ்ளோ வருஷம் எட்டிக்கூடப் பாக்கல. இப்ப வந்து உனக்குப் பாரமா..."

"பாரமாம் பாரம்! பல்லை உடைப்பேன். குழாய் வெச்சா நான் ஊத்திவிடறேன். நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டியில வீட்டுக்குப் போறோம்."

"சரிக்கா" என்றாள் சின்னவள்.

கடைசித் தட்டில் ஆப்பிள் டார்ட் வந்தது, இரண்டு துண்டு. சின்னவள் தன்னுடையதையும் அக்கா பக்கம் நகர்த்தினாள். பெரியவள் ஒரு வாய் வெட்டி வைத்துக்கொண்டாள். அவசரப்படவில்லை.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லா இருக்குடி."

"அப்படிச் சொன்னா எப்படி? வெவரமா சொல்லு."

"மேல மொறுமொறுன்னு உடையுது. உள்ள ஆப்பிள் வெண்ணெயில வெந்து குழைஞ்சிருக்கு. லேசாப் புளிப்பு. ஓரத்துல சக்கரை கருகியிருக்கு, அதுதான் ருசி."

சின்னவளின் வாய் காலியாகவே மென்றது.

"இன்னொரு வாய்க்கா" என்றாள்.