வேண்டா பொட்டு வைத்த கார்கள்

ஒப்பந்ததாரரின் கோப்பில் அந்தப் பதவிக்கு உரிய விவரம் இது: "காவலர் (ஆயுதமற்றவர்). ஆண். வயது 25 முதல் 40 வரை. உயரம் 170 சென்டிமீட்டருக்குக் குறையாமல். முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை. காவலில் உள்ள பொருள்களைத் தொடுவதோ அவற்றின் தோற்றத்தை மாற்றுவதோ கூடாது."

பதவியில் இருந்தவள் வேண்டா. வயது ஐம்பத்திரண்டு. உயரம், கொண்டையையும் சேர்த்து, நாலே முக்கால் அடி. போர் அனுபவம் என்று பார்த்தால் மூன்று நாத்தனார்கள். நான்காவது பெண்ணாகப் பிறந்ததால், பெண் போதும் என்று சாமிக்குத் தெரிவிக்க வைத்த பெயர் அது. சாமி கவனிக்கவில்லை போலும். அவளுக்குப் பின்னும் இரண்டு தங்கைகள்.

விதிக்குப் பொருந்திய ஆள் ஒருவர் முதலில் இருக்கத்தான் இருந்தார். ஆறடி, மீசை, ராணுவ ஓய்வூதியம். மூன்றாம் நாள் ஒரு காருக்கு அடியில் கண்ணாடிவிரியன் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். ஆட்டுக்குப் புல் அறுக்க வந்திருந்த வேண்டா, பாம்பை ஒரு குச்சியால் வேலிக்கு அப்பால் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அறுக்கத் தொடங்கினாள். யார்டு மேற்பார்வையாளர் ஹரிஹரன் அப்போதே அவள் கையில் விசிலைக் கொடுத்தார்.

யார்டு என்பது அச்சரப்பாக்கத்துக்கு வடக்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மனைப்பிரிவு. மனைகள் விலை போகவில்லை. நட்ட கற்கள் மட்டும் நின்றன. அந்தக் கற்களுக்கு நடுவே இருநூற்றுப் பன்னிரண்டு புத்தம்புது வெள்ளைக் கார்கள். மனை வாங்க யாரும் வராத இடத்தில், காரும் வாங்க ஆளில்லாமல் நின்றது.

கார்களை வண்டலூருக்குத் தெற்கே ஒரு தொழிற்சாலையில் செய்தார்கள். செய்தது இரண்டு கடல் தாண்டிய ஒரு நாட்டுக்காக. கப்பல் ஏறுவதற்குச் சில வாரம் முன்பு அந்த நாட்டு அரசு, உள்ளூர்க் கார்த் தொழிலைக் காப்பாற்ற, வெளியிலிருந்து வரும் கார்களுக்கு இறக்குமதி வரியை ஏற்றியது. அங்கே விற்றால் கட்டுப்படியாகாது. இங்கே விற்கலாம் என்றால் ஸ்டியரிங் இடது பக்கம். அதை வலது பக்கம் மாற்றுவதற்குப் புதுக் காரே செய்துவிடலாம் என்றார்கள். ஆகவே கார்கள் மனைப்பிரிவுக்குக் குடிவந்தன.

இதை வேண்டாவுக்கு விளக்கியவன் மோசஸ். வாரம் ஒருமுறை வந்து ஒவ்வொரு காரையும் ஸ்டார்ட் செய்து, டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் நாலடி நகர்த்தி வைப்பது அவன் வேலை. பதினைந்தாயிரம் புதுக் கார் ஓட்டியவன் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வான். எதையும் அரை கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை என்பதைச் சொல்ல மாட்டான்.

"நூறு ரூபா பொருளு உள்ள வரணும்னா இருபது ரூபா வரி கட்டிகினு இருந்தாங்கக்கா. இனிமே அம்பது கட்டுன்றான்."

"யாரு கட்டறது? கம்பெனியா?"

"மொதல்ல கம்பெனி. அப்பால வாங்கறவன் தலையில."

"வாங்கறவன் எந்த ஊர்க்காரன்?"

"அந்த ஊர்க்காரன்தான்."

"அவங்க ஆளுங்க தலையிலயே அவங்க கட்டறாங்களா? நல்லா கீதுடா நாயம்."

பொருளாதாரம் படித்தவர்கள் இதையே நாற்பது பக்கத்தில் எழுதுவார்கள்.

ஒரு காரின் கண்ணாடியில் ஒரு சீட்டு தொங்கியது. முன்பதிவு செய்தவரின் பெயர். மோசஸ் எழுத்துக் கூட்டி, "லூ...சி...யா" என்று படித்தான்.

"டீச்சரா?"

"பேருதான்க்கா போட்டுகீது. வேலையெல்லாம் போடல."

"டீச்சராத்தான் இருப்பா" என்று வேண்டா முடிவு செய்துவிட்டாள். வரி ஏறியதும் விலை எட்டாமல், கட்டிய முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, லூசியா டீச்சர் மறுபடி பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள். அந்தக் காரை மட்டும் வேண்டா தினமும் ஒரு சுற்றுக் கூடுதலாகப் பார்த்து வந்தாள்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், லூசியாவுக்குக் கார் கிடைக்காததால்தான் வேண்டாவுக்கு வேலை கிடைத்தது. அதற்கு முன் பதினோரு வருஷம் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் வெளிநாட்டுக்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். விடிவதற்குள் கிளம்பி, இரண்டு பஸ் மாறி. லாட்ஜ் துவைக்கும் இயந்திரம் வாங்கியபின் அதுவும் இல்லை. புருஷன் போய் ஆறு வருஷம். மகள் திவ்யா படூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம். இங்கே வீட்டிலிருந்து நடந்தே வரலாம். உட்கார நாற்காலி உண்டு. வேலை செய்யும் இடத்தில் அவளுக்கென்று நாற்காலி போட்டது வாழ்க்கையில் இதுவே முதல்முறை. கார்கள் நிற்கும்வரை வேலை நிற்கும். கார்கள் போனால் வேலையும் போகும். இதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் பெரிய பூஜை, பொரி, கடலை, இனிப்புப் பெட்டி. ஜி.எஸ்.டி. சாலையில் போன லாரி, பஸ், ஆட்டோ, ஜே.சி.பி. எல்லாம் வாழைக்கன்றும் மாலையுமாய்ப் போயின. யார்டு பக்கம் ஒருத்தரும் வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வண்டி, புதுசு வேறு, பொட்டில்லாமல் நிற்கிறது. பார்க்கப் பொறுக்கவில்லை வேண்டாவுக்கு.

அத்தனை வண்டிக்குக் கடைக் குங்குமம் கட்டாது. எனவே பழைய முறைப்படி மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்துச் சிவப்பாக்கினாள். காலையில் ஆரம்பித்து வெயில் சாய்வதற்குள், ஒவ்வொரு முகப்பிலும் மஞ்சளில் மூன்று பட்டை, நடுவில் ஒரு பொட்டு. லூசியா டீச்சர் வண்டிக்கு ஒரு செம்பருத்தியும்.

மறுநாள் ஹரிஹரனின் உத்தரவு வந்தது: மழைக்காலம் வருகிறது, எல்லாக் காருக்கும் உறை போடு. வேண்டா போட்டாள். வாரம் ஒருமுறை உறையை விலக்கி வண்டியை நகர்த்திய மோசஸ், பொட்டைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. உறைக்குள் பொட்டுகள் பத்திரமாக, வெயிலும் படாமல், ஒன்றரை மாதம் ஊறின.

நவம்பரில் ஓர் அதிசயம் நடந்தது. வேறொரு சின்ன நாட்டின் கார் விற்பனையாளர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அங்கேயும் ஸ்டியரிங் இடது பக்கம்தான். அங்கே வரிச் சலுகை டிசம்பர் கடைசி வரை. அதற்குள் கார்கள் போய்ச் சேர வேண்டும். வண்டிகளைப் பார்க்க அவர்கள் ஆய்வாளர் ஓர் அம்மாள் வருகிறார்.

அவர் வருவதற்கு முதல்நாள் உறையை எடுத்த ஹரிஹரன் அப்படியே மனைக்கல் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா இது?"

"பொட்டு சார்."

"யாரு உன்னைக் காரைத் தொடச் சொன்னது?"

"தொடாம எப்டி சார் பொட்டு வைக்கிறது?"

ஆள் வைத்து ஐந்தாறு காரைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்பது அவர் படித்த எம்.பி.ஏ.வில் சொல்லித் தருவதில்லை. அங்கங்கே மஞ்சளாக இருந்ததெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. வேண்டா சொல்ல வாய் திறந்தாள். "நீ பேசாதே" என்றார்.

அம்மாள் வந்தார். வெள்ளை முடி, கையில் டார்ச். முதல் காரின் முகப்பைப் பார்த்தார். ஹரிஹரன் முந்திக்கொண்டு, பக்கத்தில்தான் வேடந்தாங்கல், இது பறவை சீசன், எச்சம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அம்மாள் தலையாட்டினார். இரண்டாம் கார், மூன்றாம் கார் என்று வரிசை முழுக்க நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எல்லாக் காரிலும் சரியாக நடுவில். மூன்று கோடு, ஒரு வட்டம். உங்கள் பறவைகள் மிகவும் ஒழுக்கமானவை" என்றார்.

ஹரிஹரனுக்கு வியர்த்தது. வேண்டாவுக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால் ஹரிஹரன் முகம் புரிந்தது, நடுவில் வந்த 'பேர்டு'ம் காதில் விழுந்தது. லாட்ஜில் பதினோரு வருஷத்தில் சேர்த்த நாற்பது வார்த்தை அவளிடம் இருந்தது. அதில் ஏழெட்டை எடுத்தாள்.

"மேடம். நோ பேர்டு. மீ." தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "நியூ கார். குட் லக்."

அம்மாள் அவள் நெற்றியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அதிர்ஷ்டம் நல்லதுதான், ஆனால் என் ஊரில் வெள்ளைக் கார் கேட்பவர்கள் வெள்ளைக் காரைத்தான் கேட்கிறார்கள் என்றார். லாரிகள் வர எட்டு நாள் இருக்கிறது. எட்டாம் நாள் மாலை எத்தனை கார் சுத்தமாக இருக்கிறதோ அத்தனை கப்பல் ஏறும். மற்றவை ஜனவரியில் வந்தால் வரியோடு சேர்த்து யாரும் வாங்க மாட்டார்கள், எனவே இங்கேயே இருக்கட்டும். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மோசஸ் அவளைத் தனியே கூப்பிட்டான்.

"அக்கா, நான் சொல்றத கேளு. எல்லாத்தையும் தொடச்சிட்டினா எல்லாம் போயிடும். அப்பால இங்க இன்னாத்த காப்ப, கல்லையா? பாதி தொட. பாதி நிக்கட்டும். உன் வேலை நிக்கும். யாரும் கேக்க மாட்டான், டைம் பத்தலனு சொல்லிடு."

திவ்யாவுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு இருந்தது.

"லாட்ஜில பாதி பெட்ஷீட்டா தொவச்சேன்? நான் வச்ச கறைடா. நின்னுகினே துரு புடிக்கவா இதுங்கள செஞ்சாங்க?"

"பேஜாரு புடிச்ச ஆளுக்கா நீ."

"நீ மதுராந்தகம் போயி எலுமிச்சம்பழம் வாங்கினு வா. மூட்டையா வாங்கு."

வெளிநாட்டுக்காரர்கள் நம் குழம்பைக் கட்டிலில் உட்கார்ந்து தின்பவர்கள். வெள்ளை விரிப்பில் விழுந்த மஞ்சளை எடுப்பதில் வேண்டாவை மிஞ்ச ஆள் கிடையாது. சோப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறு தொட்டால் சிவப்பு மஞ்சளாக இறங்கும். உடனே தண்ணீர் விட்டு, தேங்காயெண்ணெய் தொட்டுப் பழைய பருத்தித் துணியால் தேய்த்து, வெயிலில் விட்டால் மஞ்சளும் மங்கிப் போகும். விரிப்பு என்றால் கொடியில் திருப்பிப் போடலாம். காரை? மோசஸ் ஓட்டித் திருப்பினான். காலையில் கிழக்கே பார்த்து, மதியத்துக்குமேல் மேற்கே பார்த்து.

முதல் இரண்டு நாள் வெயில். மூன்றாம் நாள் வங்கக் கடலில் எதுவோ உருவாகி, வானம் மூடிக்கொண்டது. நாலாம் நாளும் தூறல். வேண்டா எலுமிச்சை வேலையை மட்டும் செய்துகொண்டே போனாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சாறு பட்டால் எரிந்தது. ஐந்தாம் நாள் பத்து மணிக்கு வெயில் வந்தபோது, மஞ்சளாக இறக்கி வைத்திருந்த எழுபது கார்களையும் ஒரேயடியாக வெயிலுக்குத் திருப்பச் சொன்னாள். மோசஸ் நாஸ்தாவைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினான். ஆறாம் நாள் ஹரிஹரன் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீர்க் குடம் தூக்கினார். துணியைக் கையில் எடுக்கப் போனவரை வேண்டா தடுத்தாள்.

"நீங்க தேய்ச்சா கீறல் வுழும் சார். குடம் தூக்குங்க, போதும்."

தூக்கினார்.

எட்டாம் நாள் மாலை அம்மாள் டார்ச்சோடு வந்தார். ஒவ்வொரு முகப்பையும் குனிந்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இருட்டு கட்டும் நேரத்தில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மூன்று நாளில் டிரெய்லர் லாரிகள் வந்து கார்களை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயின. நாலாம் நாள் மனைப்பிரிவில் காவல் தேவைப்படவில்லை. வேண்டாவை வர வேண்டாம் என்றார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு கார்களின் கறையையும் அவள் எட்டு நாளில் தன் கையால் எடுத்தாள்.