வசைப் பாட்டின் கடைசி வரி

ஜொகூரில், எங்கள் கெலாங் பாத்தா கோயில் மண்டபத்தில் ஞாயிறு மத்தியானம் பழைய பாட்டு வகுப்பு நடக்கும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடத்துகிறார். வருவதெல்லாம் என்னைப் போல வயசான பெண்கள். ஆளுக்கு ஒரு வரி வாய்விட்டுப் படிக்க வேண்டும், பிறகுதான் அவர் பொருள் சொல்வார். நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவள். என் முறை வந்தாலே திக்கிப்போவேன்.

அன்றைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற காலத்துப் புலவர்களைப் பற்றிப் பாடம். வெள்ளைக்காரன் பாளையங்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரமாம். கொடுத்துப் பழகிய பெரிய வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. பசியோடு வாசலில் நின்ற புலவர்கள் சிலர் வயிறெரிந்து வசை பாடினார்களாம். அப்படி ஒரு பாட்டை ஆசிரியர் அச்சடித்துக் கையில் கொடுத்தார்.

எனக்குக் கடைசி வரி விழுந்தது. எழுத்துக் கூட்டி, எப்படியோ திக்காமல் படித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா, "பரவால்லயே, தேறிட்டீங்க லா!" என்று தொடையில் தட்டினார்.

ஆசிரியர் பொருள் சொன்னார். "இந்த வாசலைத் தாண்டிப் போன பிள்ளை திரும்பி வராமல் போகட்டும். அதுதான் கடைசி வரி."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என் மகன் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான். ஒரு மணிக்கு வந்துவிடுவேன் என்றவன். மூன்றாகிவிட்டது. வெளியே பேய்மழை. சிங்கப்பூர்ப் பாலத்தில் லாரிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முந்தானைக்குள் போனை மறைத்து அவனைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

"வீட்டுக்காரன் பயந்து ஓடிவந்து காலில் விழுந்தால், புலவரே வசை நீங்குவதற்கு இன்னொரு பாட்டுப் பாடுவாராம். தாளின் பின்பக்கம் இருக்கிறது. அடுத்த வாரம் பார்ப்போம்" என்றார் ஆசிரியர்.

எல்லாரும் குடையை எடுத்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"சார், அதையும் இன்னிக்கே படிச்சிடலாம்."

"நேரமாச்சேம்மா. வெறும் பாட்டுதானே, பயந்துட்டீங்களா?"

"எம்பையன் ரோட்டுல இருக்கான் சார். அந்த வரிய நான் வாயால சொல்லிட்டேன்."

"அந்தப் புலவர் செத்து இருநூறு வருசமாச்சுக்கா! இன்னுமா உங்க பையனைத் தேடிக்கிட்டு இருக்காரு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். முகம் எரிந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

பக்கத்து அக்கா சிரிக்கவில்லை. அவர் மகள் சிங்கப்பூரில் தாதி. குடையைக் கீழே வைத்துவிட்டுத் தாளைத் திருப்பினார். "எம்மவளும் அந்த ரோட்டுலதான் வரணும். படிங்க சார்."

ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள். முதல் வரி, இரண்டாவது வரி என்று போனது. என் முறைக்கு முன்னால் எனக்குப் பின்னால் ஈரக் காலடிச் சத்தம்.

"ம்மா, போனை வேலை எடத்துலயே மறந்துட்டேன். பாலத்துல ஒரே ஜேம். போலாமா?"

தலை முதல் கால் வரை நனைந்து நின்றான். எனக்கு அழுகை முட்டியது. பக்கத்து அக்கா அவனைப் பார்த்தார். பிறகு அவன் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"உக்காருப்பா. இவங்க மக இன்னும் வரல. பாட்டு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு என் வரியைச் சத்தமாகப் படித்தேன்.