ரோசம்மாள் எழுதாத பரீட்சை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி வேனில்தான் அந்தப் புரளி முதலில் ஏறியது. இனிமேல் தேர்தலில் நிற்பவர்களுக்கு அரசியல் சட்டத்தில் பரீட்சையாம். பாஸானால்தான் மனுவே வாங்குவார்களாம்.

வேன் முழுக்கச் சிரித்தது. பேக்கிங்கில் பதினாறு வருஷமாக ஒப்பந்தக் கூலியாகவே இருக்கும் ரோசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தெருக் குழாயில் தண்ணீர் டீ நிறத்தில் வரும். நாலு கிராம சபையில் சொல்லிப் பார்த்துவிட்டாள். நாலு தடவையும் வாசலிலேயே வெறும் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தை அப்புறம் எழுதினார்கள். குடிநீர் திருப்தி என்று எழுதியிருந்தார்கள். வார்டு மெம்பரானால் அந்த நோட்டைத் தன் கையால் எழுதலாம். தேர்தலுக்குச் செலவழிக்க வழியில்லை. ஆனால் பரீட்சை என்றால்? ஞாயிறு பள்ளியில் சங்கீதம் ஒப்பித்துச் சோப்பு டப்பா ஜெயித்தவளாயிற்றே!

கம்பெனி யூனியன் பீட்டரிடம் அரசியல் சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கினாள். "என் பேர் போட்டுக்கீது ரோசம்மா, பத்திரமாத் திருப்பிக் குடுத்துடணும்" என்றார். ஒன்றரை மாதம் வேனில் போக வரப் படித்தாள். கிராம சபைப் பிரிவைச் சங்கீதம் மாதிரியே ராகம் போட்டு ஒப்பித்தாள்.

பிறகு அரைநாள் லீவு போட்டு, புரளி நிஜமா என்று கேட்க ஒன்றிய ஆபீசுக்குப் போனாள்.

"பரீட்சையா? நிக்கிறவங்களுக்கா? இன்னாத்துக்கும்மா?" கிளார்க்குக்கு நிஜமாகவே புரியவில்லை.

"ஒரு கேள்வியாச்சும் கேளுங்க சார்."

அவர் யோசித்துக் கேட்டார்: "போட்டோ கொணாந்தியா?"

இருந்தாலும் தேர்தலில் நின்றாள். எதிரில் கம்பெனிகளின் இரும்புக் கழிவைக் குத்தகைக்கு எடுக்கும் பரசுராமன். அவனிடமிருந்து வீட்டுக்கு ஒரு குக்கர் வந்தது. அவள் வீட்டுக்கும் வந்தது.

"வந்தத வாணான்னா நல்லாவா இருக்கும்?" என்றான் புருஷன் தாவீது. அதற்குள் அதில் அரிசி வெந்துகொண்டிருந்தது.

அவளுக்கு விழுந்தது பத்தொன்பது ஓட்டு. வீட்டு ஓட்டு மூன்றும் அதில் உண்டா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜெயித்த பரசுராமன் மறுநாளே வந்தான். "அக்கா, சட்டப் புஸ்தகம் உங்கிட்ட கீதாமே? பதவி ஏத்துக்கறப்போ கையில வச்சிக்கினு ஒரு போட்டோ. மத்தியானமே குடுத்துர்றேன்."

"கிராம சபை வர்ற பக்கத்துல பஸ் டிக்கெட் வச்சிக்கீறேன். பிரிச்சுப் பாரு பரசு."

"பாக்கலாம்க்கா."

ஒருவேளை பிரித்துவிட்டால்? கொடுத்தாள்.

அடுத்த கிராம சபை அந்த போட்டோ ஃபிளெக்ஸின் கீழேயே நடந்தது. மார்போடு அணைத்த புத்தகம். அட்டையில் பீட்டர் பெயர்கூடத் தெரிந்தது. வாசலில் பரசுராமன் கையில் அதே வெறும் நோட்டு.

"எழுதிட்டு கையெழுத்து வாங்கு பரசு."

"இன்னாக்கா, தம்பி மேல நம்பிக்க இல்லியா?"

பின்னால் நின்றவர்கள், "போடு ரோசம்மா, வெயிலு மண்டையப் பொளக்குது" என்றார்கள்.

போட்டாள். புத்தகத்தைக் கேட்டாள். "அது ஊட்டுல சாமி ரூம்ல கீதுக்கா, தொடாம வச்சிக்கீறோம்" என்றான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் பீட்டர் நின்றார்.

"ரோசம்மா, புக்கு?"

"அடுத்த வாரம்ண்ணே" என்றாள்.

பதினோராவது ஞாயிறாக.